34 அடி பைபர் வள்ளத்தில் நங்கூரம் தூக்க கரண்ட் விஞ்ச் மாட்டலாமா?

தெற்குக்கடல்:

வணக்கம். எங்களுடையது தூத்துக்குடி வள்ளம், 34 அடி, பைபர், இன்போர்டு டீசல் எஞ்சின். தூண்டில் தொழில். பாருக்குப் பார் (கடலடிப் பாறைத் திட்டு) மாறி மாறி நங்கூரம் போட்டுத்தான் பிடிக்கிறோம். விளமீன், களவா, பாரை என்று அந்தந்த நேரத்துக்கு என்ன கிடைக்கிறதோ அது. பதினெட்டு, இருபது பாகத் (ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர்) தண்ணீரில் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது நங்கூரத்தைத் தூக்க வேண்டியிருக்கும், மீன் சரியாகக் கடிக்கவில்லை என்றால் எட்டு, பத்து தடவைகூட ஆகும்.

இத்தனை நாளும் அதை இழுத்தது அப்பா. அவருக்கு 58 வயது. போன மாதம் ஒரு நாள் கச்சான் காற்று ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது, நீவாடும் (கடல் நீரோட்டம்) சேர்ந்து இழுத்தது. அணியத்தில் (வள்ளத்தின் முன்முனை) நின்று கயிற்றை வாங்கிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வலது தோளில் தசை கிழிந்திருக்கிறது, இனி பாரம் இழுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் பார்த்தேன், உள்ளங்கையில் சுண்டுவிரலுக்குக் கீழே கயிறு உரசி உரசி ரேகையே இல்லாமல் வழவழவென்று இருக்கிறது. சின்ன வயதிலிருந்து பார்க்கிற கைதான், அன்றைக்குத்தான் கவனித்தேன். கரையில் உட்காரச் சொன்னால் கேட்க மாட்டார், கடலுக்கு வருவேன் என்கிறார். வரட்டும். ஆனால் கயிற்றைத் தொட விட மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நங்கூரம் 15 கிலோ, அதோடு 8 எம்எம் சங்கிலி 10 மீட்டர், அதற்கு மேல் கயிறு. பேட்டரி 12 வோல்ட், 100 ஏஎச் (ஆம்பியர் அவர்), ஒன்றே ஒன்று, பின்னால் எஞ்சின் பெட்டியில் இருக்கிறது. அல்டர்னேட்டர் 35 ஆம்பியர். ஒரு கடையில் 1000 வாட் கரண்ட் விஞ்ச் காட்டினார்கள், அணியத்துக்கு ஏற்கெனவே போகிற லைட் வயரிலேயே கொடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த வயர் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) தான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மாட்டியவர்கள், மாட்டித் தோற்றவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

படகு வயரிங்:

அப்பாவுக்குச் சீக்கிரம் குணமாகட்டும் தம்பி. வாங்காமல் வந்தது நல்ல காரியம். அந்த லைட் வயரில் கொடுத்திருந்தால் விஞ்ச் சுற்றாது, வயர்தான் எரியும்.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 1000 வாட் விஞ்ச் பாரத்தோடு ஓடும்போது 80 முதல் 100 ஆம்பியர் வரை இழுக்கும். எஞ்சின் பெட்டியிலிருந்து அணியம் வரை 9 மீட்டர் என்று வைத்தால், போக வர 18 மீட்டர் வயர். பலர் இங்கேதான் தப்புப் பண்ணுகிறார்கள், ஒரு பக்க நீளத்தை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். 18 மீட்டர் 2.5 ஸ்கொயர் செம்பு வயரில் 100 ஆம்பியர் போக வேண்டுமென்றால் 12 வோல்ட்டும் அந்த வயரிலேயே தீர்ந்துவிடும், மோட்டாருக்கு ஒன்றும் மிஞ்சாது. 16 ஸ்கொயர் போட்டால் 1.9 வோல்ட் விழும். 25 போட்டால் 1.2 வோல்ட். 35 போட்டால் 0.9, 50 போட்டால் 0.6. பத்தில் ஒரு பங்குக்கு மேல், அதாவது 1.2 வோல்ட்டுக்கு மேல் விழக் கூடாது என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 25 ஸ்கொயர் விளிம்பில் நிற்கிறது. நாலு லக் (வயர் முனையில் மாட்டும் செம்பு வளையம்), ஒரு பிரேக்கர், ஒரு சொலினாய்டு (மோட்டாருக்குக் கரண்ட் விடும் பெரிய ரிலே) எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் வோல்ட்டைத் தின்னும். அதனால் 35 போடுங்கள், காசு கை கொடுத்தால் 50. வோல்ட் குறைந்த மோட்டார் திணறும், ஐந்து நிமிட வேலைக்குப் பத்து நிமிடம் எடுக்கும், சூடேறி பிரஷ் கருகும். பிறகு விஞ்ச் சரியில்லை என்று கம்பெனியைத் திட்டுவோம்.

வயர் என்றவுடன் நம் ஆட்கள் வெல்டிங் கேபிளைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். வளையும், விலை குறைவு, கடைக்குக் கடை கிடைக்கும், எல்லாம் சரி. ஆனால் அதன் இழைகள் பூச்சு இல்லாத வெறும் செம்பு. உப்புத் தண்ணீர் லக் வழியாக ஏறி, உறைக்குள்ளேயே ஒரு அடி, இரண்டு அடி தூரம் இழைகளைப் பச்சையும் கறுப்புமாக ஆக்கிவிடும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். நான் ஒரு வள்ளத்தில் அப்படிப்பட்ட கேபிளை நறுக்கிக்கொண்டே போனேன், முக்கால் மீட்டர் தாண்டித்தான் சிவப்புச் செம்பு கண்ணில் பட்டது. வெள்ளீயம் பூசிய செம்பு கேபிள் என்று கேட்டு வாங்குங்கள், விலை கூடத்தான், ஆனால் ஒரு தடவை போட்டால் போதும். லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்க விடாதீர்கள். ஹைட்ராலிக் கிரிம்ப் மெஷினில் அழுத்தி, மேலே உள்பக்கம் பசை உள்ள ஸ்லீவைப் போட்டுச் சூடு காட்ட வேண்டும்.

பிரேக்கர் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஒரு சாண் தூரத்துக்குள். அணியத்தில் விஞ்ச் பக்கத்தில் வைத்துப் பிரயோஜனம் இல்லை. நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆனால் பேட்டரியிலிருந்து அந்த இடம் வரை காப்பாற்ற எதுவும் இருக்காது, பைபர் படகில் தீ பிடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை ஆம்பியர் பிரேக்கர் என்பது விஞ்சோடு வரும் புத்தகத்தில் போட்டிருக்கும், அதையே போடுங்கள், கூட்ட வேண்டாம்.

பேட்டரி ஒன்றே ஒன்று என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. இருபது பாகம் என்றால் 36 மீட்டர் ஆழம், விட்டிருக்கும் கயிறு அதைவிடக் கூட. ஒரு தடவை தூக்க நாலு நிமிடம் ஓடுகிறது, 90 ஆம்பியர் என்றால் 6 ஏஎச் போச்சு. ஆறு தடவைக்கு 36, பத்து தடவைக்கு 60. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் 35 ஆம்பியர் அல்டர்னேட்டர் இதை ஈடுகட்டிவிடும். ஆனால் எஞ்சினை நிறுத்திவிட்டு இழுத்தால் நடுக்கடலில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்பீர்கள். ஆகவே இரண்டு விஷயம். எஞ்சின் ஓடாமல் விஞ்ச் சுவிட்சைத் தொடக் கூடாது. அப்புறம், ஸ்டார்ட்டிங்குக்குத் தனி பேட்டரி. இரண்டுக்கும் நடுவில் வோல்ட் பார்த்து இணைக்கிற ரிலே ஒன்று போட்டால் சார்ஜ் ஆகும்போது சேர்ந்துகொள்ளும், வோல்ட் இறங்கினால் பிரிந்துகொள்ளும்.

சிலர் வயர் மிச்சம் என்று பேட்டரியையே அணியத்தில் வைக்கச் சொல்வார்கள். உங்கள் வள்ளத்துக்கு வேண்டாம். எதிர்க்கடலில் அணியம் தூக்கித் தூக்கிக் குத்தும், அந்த இடத்தில் பேட்டரி நாள் முழுக்க அடிபடும்.

தெற்குக்கடல்:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. போக வர என்பதை நானும் யோசிக்கவே இல்லை. இன்றைக்குக் கயிறு பிடித்து அளந்து பார்த்தேன், எஞ்சின் பெட்டியிலிருந்து ஓரமாக வளைத்துக் கொண்டுபோனால் 9.6 மீட்டர் வருகிறது. 50 ஸ்கொயரே போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

பைபர் வேலை:

வயர் பற்றி அண்ணாச்சி சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. விஞ்ச் உட்காரும் தளத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அதைச் சொல்கிறேன். பதினேழு வருடமாக பைபர் படகு கட்டுகிறேன், விஞ்ச் மாட்டிக் கெட்டுப்போய் என்னிடம் வந்த படகுகளில் மோட்டார் கெட்டு வந்ததைவிடத் தளம் கெட்டு வந்ததுதான் அதிகம்.

அணியத்தின் மேல்தளம் வெறும் பைபர் இல்லை, இரண்டு பைபர் தோலுக்கு நடுவே பிளைவுட் இருக்கும். அதில் நேராக ஓட்டை போட்டு போல்ட்டை இறுக்கினால், ஆறு மாதத்தில் போல்ட் ஓரமாகத் தண்ணீர் இறங்கி பிளைவுட் ஊறிவிடும். முன்பு யாராவது ஏதாவது மாட்டியிருந்தால் இப்போதே ஊறியிருக்கவும் கூடும். சுத்தியல் கட்டையால் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். டக் டக் என்று கெட்டிச் சத்தம் வந்தால் நல்ல தளம், பொத் பொத் என்றால் உள்ளே அழுகல். போன வருடம் ஒரு வள்ளத்தில் பழைய போல்ட்டைக் கழற்றினேன், ஓட்டையிலிருந்து காப்பிக் கலரில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது, டீ குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், அப்போதும் நிற்கவில்லை. அந்தத் தளத்தை முழுசாக வெட்டி எடுத்துத்தான் புதிதாகப் போட்டோம்.

செய்ய வேண்டியது இதுதான். விஞ்சின் அடியை அட்டையில் வரைந்து தளத்தில் வைத்துக் குறியுங்கள். 10 எம்எம் போல்ட் என்றால் ஓட்டையை 20 எம்எம் போட்டு, அடிப்பக்கம் டேப் ஒட்டி, பொடி கலந்த கெட்டி எபாக்சிப் பிசினை நிரப்பிக் காய விட்டு, அதன் நடுவில் மறுபடி 10 எம்எம் ஓட்டை போடுங்கள். இப்போது போல்ட்டைச் சுற்றி மரமே இல்லை, எபாக்சிதான் இருக்கிறது, தண்ணீர் இறங்கினாலும் பிளைவுட்டைத் தொடாது. சோம்பல்படாமல் மோட்டார் இறங்குகிற பெரிய ஓட்டையின் விளிம்புக்கும் இதையே செய்ய வேண்டும். அடியில் விஞ்சின் அடியைவிடப் பெரிதாக 12 எம்எம் பைபர் பலகை வைத்து, அகல வாஷர் போட்டு இறுக்குங்கள். போல்ட் 316 எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) மட்டும். 304 நம் கடலில் துரு குடித்துவிடும்.

நிற்கும் விஞ்சா, படுக்கும் விஞ்சா என்ற கேள்வி வரும். நிற்கும் விஞ்சில் மோட்டார் தளத்துக்கு அடியில் போய்விடும், மேலே இடம் அடைக்காது, ஆனால் அந்த மோட்டார் ஈரச் சங்கிலிக்குப் பக்கத்திலேயே தொங்கும். படுக்கும் விஞ்சில் எல்லாம் மேலே, மாட்டுவது சுலபம், கழற்றுவதும் சுலபம். உங்கள் வள்ளத்துக்கு நான் படுக்கும் விஞ்சைத்தான் சொல்வேன். எதுவானாலும் ரோலரிலிருந்து வரும் கயிறு விஞ்ச் சக்கரத்துக்கு நேர்கோட்டில் வர வேண்டும், ஒரு விரல் கோணல் இருந்தால்கூடச் சங்கிலி ஏறி ஏறிக் குதிக்கும். சக்கரத்துக்கு அடியில் சங்கிலி தொங்கி விழ ஒரு அடியாவது காலி உயரம் வேண்டும். சங்கிலி தன் பாரத்தில் இறங்கும், கயிறு இறங்காது, அது குவிந்து நின்று சக்கரத்தை அடைக்கும்.

கயிறு என்றதும் ஞாபகம் வருகிறது, நீங்கள் போட்டிருப்பது பச்சை பிளாஸ்டிக் கயிறா? அது சக்கரத்தில் பிடிக்காது, விறைப்பு, வழுக்கும். மூன்று புரி நைலான் வேண்டும். 8 எம்எம் சங்கிலிச் சக்கரத்துக்குப் பெரும்பாலும் 12 அல்லது 14 எம்எம் கயிறு ஒத்துவரும். சங்கிலியும் கயிறும் சேருமிடத்தில் ஷாக்கிள் போட்டால் சக்கரத்தில் சிக்கும், கடைசி வளையத்தில் கயிற்றை நேராகப் பின்னிச் சேர்க்க வேண்டும். அப்பாவுக்கு அது கை வந்த கலையாக இருக்கும், அந்த வேலையை அவரிடமே கொடுங்கள், சந்தோஷப்படுவார். சங்கிலி வாங்கும்போது சக்கரத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். 8 எம்எம்மில் பிரச்சினை குறைவு. 10 எம்எம் என்றால் ஒரு வகையில் வளையத்தின் உள்நீளம் 28 எம்எம், இன்னொரு வகையில் 30 எம்எம். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், சக்கரத்தில் போட்டால்தான் தெரியும்.

வாடைக்காற்று:

நான் மாட்டித் தோற்றவன், அதனால் எழுதுகிறேன். எங்கள் படகு நாகப்பட்டினம் பக்கம். விஞ்ச் மாட்டிய சந்தோஷத்தில் நங்கூரத்தை இறக்கிவிட்டு, கயிற்றை விஞ்சிலேயே விட்டுவிட்டுப் படுத்துவிட்டோம். ராத்திரி காற்று மாறி அலை எழும்பியது. ஒவ்வொரு அலைக்கும் அணியம் தூக்கும்போது மொத்தப் படகின் பாரமும் அந்தச் சின்ன கியர் பெட்டியில் இடித்திருக்கிறது. காலையில் சுவிட்சை அமுக்கினால் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது, சக்கரம் நகரவில்லை. உள்ளே சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சாவி நறுக்கென்று அறுந்து கிடந்தது. அன்றைக்கு நாலு பேர் சேர்ந்து கையால் இழுத்தோம், இழுத்து முடித்தபோது ஒருவனுக்கும் பேச்சு வரவில்லை.

விஞ்ச் நங்கூரத்தைத் தூக்கத்தான், படகைப் பிடித்து வைக்க இல்லை. நங்கூரம் போட்டு முடித்தவுடன் கயிற்றை அணியத்தில் இருக்கும் கட்டுக் குற்றியில் கட்டிவிட்டு, விஞ்ச் பக்கம் கயிறு தொய்ந்திருக்கும்படி விட வேண்டும். தூக்கும்போதும் அப்படித்தான், விஞ்சை வைத்துப் படகை இழுக்காதீர்கள். எஞ்சினை மெதுவாக முன்னால் கொடுத்து நங்கூரத்தை நோக்கிப் போக வேண்டும், தொய்கிற கயிற்றை விஞ்ச் சுருட்டிக்கொண்டே வரும். கயிறு செங்குத்தாக வந்ததும் நிறுத்திக் குற்றியில் ஒரு சுற்று போடுங்கள். படகு அலையில் எழும்பும்போது நங்கூரம் தானாகப் பிடுங்கிக்கொள்ளும். பிறகு விஞ்சுக்கு 15 கிலோ நங்கூரமும் 14 கிலோ சங்கிலியும் மட்டும்தான் பாரம், பூ மாதிரி தூக்கும்.

துபாய் டெக்:

நான் இங்கே சுற்றுலாக்காரர்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போகும் போட்டில் டெக் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் பாம்பன். விஞ்ச் வந்து மாட்டி முடிக்க நாளாகும், அதுவரை அப்பாவோ நீங்களோ கையால் இழுக்க வேண்டாம். ஒரு பெரிய மிதவை வாங்கி அதில் கனமான எஸ்எஸ் வளையம் ஒன்றைக் கோர்த்து, அந்த வளையத்துக்குள் நங்கூரக் கயிறு ஓடும்படி மாட்டுங்கள். எஞ்சினைப் போட்டு, கயிற்றை ஒரு பக்கமாக விட்டு, சாய்வாக முன்னால் ஓடுங்கள். மிதவை கயிற்றின் மேல் வழுக்கிக்கொண்டே பின்னால் போகும், கயிறு வளையத்துக்குள் ஓடி நங்கூரத்தை மேலே கொண்டுவரும், கடைசியில் நங்கூரம் மிதவைக்கு அடியில் வந்து தொங்கும். அப்புறம் எஞ்சினை நியூட்ரலில் போட்டுவிட்டுக் கயிற்றைச் சுருட்டினால் போதும், பாரமே இருக்காது. உங்கள் நங்கூரமும் சங்கிலியும் சேர்ந்து 29 கிலோ, 60 லிட்டர் மிதவை தாராளம். கயிறு ப்ரொப்பெல்லர் பக்கம் போகாமல் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இழுவையை அணியத்திலேயே வைத்திருங்கள், எந்தக் காரணத்துக்கும் பின்பக்கம் கட்டி இழுக்காதீர்கள், பின்பக்கம் அமுங்கித் தண்ணீர் ஏறினால் நிமிடத்தில் படகு போய்விடும்.

பாரில் நங்கூரம் சிக்குவதற்கும் ஒரு வழி இருக்கிறது. சங்கிலியை நங்கூரத்தின் தலை வளையத்தில் மாட்டாமல் அடிப்பக்கத்தில் மாட்டுங்கள், தண்டு வழியாகக் கொண்டுவந்து தலை வளையத்தில் மெல்லிய கயிற்றால் மட்டும் கட்டுங்கள். சாதாரண நாளில் அந்தக் கட்டு தாங்கும். கல்லில் மாட்டிக்கொண்டால் குற்றியில் கட்டிவிட்டு எஞ்சினால் இழுங்கள், மெல்லிய கட்டு அறுந்து நங்கூரம் பின்பக்கமாகக் கழன்று வரும். காற்று பலமான ராத்திரியில் தங்குவதாக இருந்தால் இந்த மாதிரி கட்டாதீர்கள், அறுந்தால் படகு மிதந்துபோகும்.

இன்னொன்று அண்ணே, பாருக்கு மேலேயே போடாமல் நீவாடு வரும் பக்கம், பாருக்கு முன்னால் மணலில் போட்டுவிட்டுக் கயிற்றை நீட்டினால் வள்ளம் பாருக்கு மேல் வந்து நிற்கும். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே இருக்கிற 21 தீவுகளைச் சுற்றியும் உயிருள்ள பவளம் இருக்கிறது, ஒரு நங்கூரம் உடைக்கிறதைக் கடல் திரும்பக் கட்டப் பல வருடம் ஆகும். அந்தப் பார் இருந்தால்தானே நமக்கு மீன்.

தெற்குக்கடல்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மிதவையை வாங்கிப் பதினாறு பாகத்தில் சோதித்துப் பார்த்தோம். முதல் தடவை நேராக ஓடியதால் கயிறு வள்ளத்துக்கு அடியில் போனது, பயந்து நிறுத்திவிட்டோம். இரண்டாவது தடவை இடது பக்கம் சாய்த்து ஓடியதும் மிதவை ஒரு முறை முங்கி எழுந்து நின்றது, பார்த்தால் நங்கூரம் அடியில் தொங்குகிறது. அப்பா ஒன்றும் பேசவில்லை, கயிற்றை இடது கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது முப்பது வருசத்துக்கு முன்னாடி தெரியாமப் போச்சே" என்றார்.

தளத்தைத் தட்டியும் பார்த்தேன், வலது ஓரத்தில் ஒரு முழ நீளம் பொத் பொத் என்கிறது. அதனால் அடுத்து வள்ளத்தைக் கரையேற்றும்போது அதை வெட்டிச் சரிசெய்துவிட்டுத்தான் விஞ்ச். ஒரே ஒரு சந்தேகம். சுவிட்ச் காலால் மிதிக்கிறதா, கையில் பிடிக்கிறதா? விஞ்சை அப்பாதான் ஓட்டுவேன் என்கிறார்.

படகு வயரிங்:

கையில் பிடிக்கிற ஒயர் சுவிட்ச் போடுங்கள் தம்பி. கால் சுவிட்ச் விஞ்சுக்குப் பக்கத்திலேயே இருக்கும், ஆள் சக்கரத்துக்கு மேல் குனிந்து நிற்க வேண்டியிருக்கும், சட்டை நுனியோ கையுறையோ மாட்டினால் விரல் போய்விடும். ஒயர் சுவிட்ச் என்றால் அவர் இரண்டு மூன்று அடி தள்ளி உட்கார்ந்துகொண்டே இடது கையால் அமுக்கலாம், கயிறு வருவதும் கண்ணுக்குத் தெரியும். அது செருகும் சாக்கெட்டுக்கு ரப்பர் மூடி உள்ளதாகப் பாருங்கள். சொலினாய்டு பெட்டியைச் சங்கிலி அறைக்குள் வைக்காமல் தடுப்புக்குப் பின்னால் ஈரம் படாத பக்கம் வையுங்கள். கரையேற்றும் தேதி முடிவானதும் சொல்லுங்கள், கிரிம்ப் மெஷின் என்னிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன்.